பிடித்த துறையில் முதுகலை: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்து படிக்க நினைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணக்காளராகவோ தாதியாகவோ தொழிற்சாலை மேற்பார்வையாளராகவோ வேலை பார்த்துக்கொண்டே, மனத்தில் நெடுநாளாக வேறொன்றை வளர்த்து வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். ஒருவருக்குக் கடாரம் என்ற பழைய கெடா, ஒருவருக்குத் தோட்டப்புறப் பாடல்கள், இன்னொருவருக்குப் பறவைகள் அல்லது பழைய இதழ்கள். அதை முறையாகப் படிக்க நினைப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறோம்.

எனக்கு ஒன்று மிகவும் பிடிக்கும். அதற்காக முதுகலை படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் அதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசையா, அல்லது அதில் யாரும் விடை சொல்லாத ஒன்று உங்களை அரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னதற்குப் பட்டம் தேவையில்லை. நூலக அட்டையும் நல்ல ஆசிரியரும் போதும். பரதமும் மிருதங்கமும் கற்க வேண்டுமானால் பிரிக்பீல்ட்ஸில் 1981இல் தொடங்கப்பட்ட நுண்கலை ஆலயம் போன்ற இடங்கள்தாம் சரி. பல்கலைக்கழகம் உங்களை நல்ல ஆட்டக்காரராக்காது. ஆட்டத்தைப் பற்றி ஆராயத்தான் கற்றுத்தரும்.

உங்கள் துறையைப் பற்றி வெளிவந்த ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி, அடிக்குறிப்பு உட்பட முழுதாகப் படியுங்கள். படித்து முடித்ததும் "இவர் இதை ஏன் விட்டுவிட்டார்" என்று வாதாடத் தோன்றினால் நீங்கள் முதுகலைக்கு ஆயத்தமாகிவிட்டீர்கள். மூன்றாவது கட்டுரையிலேயே சலிப்புத் தட்டினால் அந்தத் துறை உங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆய்வு பிடிக்கவில்லை என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதமும் கொஞ்சம் நகலெடுப்புச் செலவும் போதும். இரண்டு ஆண்டுக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆர்வத்தை ஆய்வுக் கேள்வியாக மாற்றுவது எப்படி?

பெரும்பாலான விண்ணப்பங்கள் வழுக்கி விழுவது இங்கேதான். "மலேசிய இந்தியர் வரலாறு", "தமிழர் நாட்டுப்புறக் கலைகள்" என்று வருபவை தலைப்புகளே அல்ல. அவை நூலக அலமாரியின் பெயர்ப்பலகைகள். கேள்வி என்றால் அதற்கு இடம், காலம், ஆட்கள், சான்று என நான்கும் இருக்க வேண்டும்.

உருமி மேளத்தை எடுத்துக்கொள்வோம். "மலேசியாவில் உருமி மேளம்" என்பது ஆர்வம். "பத்துமலைத் தைப்பூச ஊர்வலத்தில் வாசிக்கும் குழுக்களில், இருபது வயதுக்குட்பட்டவர்கள் தாளக் கோவைகளை யாரிடமிருந்து, எந்த வழியில் கற்கிறார்கள்?" என்பது கேள்வி. இடம் தெரிகிறது, ஆட்கள் தெரிகிறார்கள். ஒத்திகையைப் பார்த்தும் பேட்டி எடுத்தும் ஒலிப்பதிவு செய்தும் விடை தேடலாம். மூன்று அல்லது நான்கு குழுக்களோடு நிறுத்திக்கொண்டால் ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதும். நாட்டிலுள்ள எல்லாக் குழுக்களையும் சேர்க்க முயல்பவர் இரண்டாம் ஆண்டு முடிவிலும் பட்டியல்தான் போட்டுக்கொண்டிருப்பார்.

கடாரத்தின் சிக்கல் வேறு வகையானது. இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு நம் மக்களுக்கு உணர்வோடு கலந்த விஷயம். அதனால் பலர் முடிவை முதலில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்: "பூஜாங் பள்ளத்தாக்கில் இருப்பவை சோழர் கட்டியவை என்று நிறுவ வேண்டும்." எந்த மேற்பார்வையாளரும் இதை ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. விடையை முன்பே எழுதிவிட்டால் மிஞ்சுவது வக்காலத்துதான். இதே ஈடுபாட்டை வைத்துக் கேட்கக்கூடிய நேர்மையான கேள்விகள் உண்டு. மெர்போக்கில் அருங்காட்சியக வளாகத்திலுள்ள சண்டி புக்கிட் பத்து பகாட் கட்டடத்தின் தரையமைப்பு எந்தத் தென்னிந்திய அமைப்புகளோடு ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது? 1930களில் அங்கே அகழ்ந்தவர்களும் பின்னர் வந்தவர்களும் அதே சான்றுகளை எப்படி வேறுவேறாகப் படித்தார்கள்? அவர்கள் கண்டதற்கும் கருதியதற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு? விடை எந்தப் பக்கம் போனாலும் ஏற்கும் மனம் இருந்தால் இத்துறையில் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

கேள்வி உருவானதும் இரண்டு சோதனைகள் வையுங்கள். இதற்குச் சான்று எங்கே இருக்கிறது என்று இன்றே மூன்று இடங்களைச் சொல்ல முடியுமா? விடை "இல்லை" என்று வந்தாலும் அது தெரிந்துகொள்ளத்தக்கதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மேலே செல்லலாம்.

பாடநெறி முறை, ஆய்வு முறை, கலப்பு முறை: எதைத் தேர்ந்தெடுப்பது?

பாடநெறி முறையில் வகுப்பு, இடுபணி, தேர்வு, முடிவில் சிறு ஆய்வறிக்கை. ஆய்வு முறையில் ஆய்வேடு ஒன்றே பட்டத்தைத் தீர்மானிக்கும். அதில் ஆய்வு நெறிமுறைப் பாடம் மட்டும் பெரும்பாலும் கட்டாயமாக இருக்கும். கலப்பு முறையில் பாதி பாடம், பாதி ஆய்வேடு.

உங்கள் இளங்கலைத் துறை வேறாக இருந்தால் பாடநெறி அல்லது கலப்பு முறையே நல்லது என்பது எங்கள் கருத்து. துறையின் அடிப்படை நூல்களும், அதில் ஓயாமல் நடக்கும் வாதங்களும் வகுப்பில்தான் உடலில் ஊறும். இந்த அடித்தளம் இல்லாமல் நேராக ஆய்வு முறைக்குப் போகிறவர் முதல் ஆண்டு முழுவதையும் எதைப் படிப்பது என்று தேடியே கழிப்பார். துறை ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு, குறிப்பாகத் தமிழாசிரியர்களுக்கு, ஆய்வு முறை பொருந்தும். கட்டணமும் அதில் பெரும்பாலும் குறைவு.

இளங்கலையில் வேறு பாடம் படித்தேன். மதிப்பெண்ணும் சுமார்தான். இடம் கிடைக்குமா?

முதுகலைக்குப் பொதுவான அடிப்படை, சராசரி மதிப்பெண் (சி.ஜி.பி.ஏ.) 2.50. சில துறைகள் 3.00 கேட்கும். 2.50க்குக் கீழே இருந்தால் துறை சார்ந்த பணி அனுபவத்தையோ துறையின் உள்மதிப்பீட்டையோ வைத்து முடிவு செய்வார்கள். வேறு துறையிலிருந்து வருபவரை முன்தேவைப் பாடங்கள் சிலவற்றை எடுக்கச் சொல்வதும் உண்டு. அதைத் தண்டனையாக எண்ணாதீர்கள், நேரத்தை மிச்சப்படுத்தும் வழி அது.

இளங்கலையே இல்லாதவர்களுக்கு ஏபெல் வழி இருக்கிறது, அதாவது முன்அனுபவக் கற்றலை மதிப்பிட்டுச் சேர்க்கும் முறை. முதுகலைக்கான ஏழாம் நிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் 30 வயதாகியிருக்க வேண்டும். எஸ்.டி.பி.எம், டிப்ளோமா அல்லது நிகரான தகுதி வேண்டும். தொடர்புள்ள அனுபவமும் வேண்டும். திறனறித் தேர்வு எழுதி, அனுபவத்தைக் காட்டும் ஆவணத் தொகுப்பைச் சமர்ப்பிக்க வேண்டும். பலர் தேர்வை எண்ணிப் பயந்து தொகுப்பைக் கோட்டைவிடுகிறார்கள். "20 ஆண்டு மேடை நாடக அனுபவம்" என்று ஒரு வரி எழுதினால் மதிப்பீட்டாளருக்குப் பிடிமானம் இல்லை. நிகழ்ச்சி நிரல், நாளிதழ்ச் செய்தி, நீங்கள் எழுதிய பிரதி, அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்ற அரைப்பக்கம் என ஒவ்வொன்றுக்கும் சான்று வையுங்கள். இச்சான்றிதழை எல்லாத் துறைகளும் எல்லாப் படிப்பு முறைக்கும் ஏற்பதில்லை. நீங்கள் சேர நினைக்கும் துறையிடமே எழுத்தில் கேட்டுவிட்டு மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

எங்கே படிக்கலாம்?

தமிழ் மொழி, இலக்கியம், மலேசிய இந்தியச் சமூகம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை. 1956இல் தொடங்கிய துறை அது. தனிநாயகம் அடிகள் 1961 முதல் தலைமை ஏற்றிருந்த காலத்தில்தான் 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பினாங்கில் இருப்பவர்களுக்கு 1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். வரலாறு, மானிடவியல் சார்ந்தவை, மொழிபெயர்ப்பு, கலைகள் ஆகியவற்றோடு தொல்லியலுக்கும் அதுவே முக்கிய இடம். கெடாவின் சுங்கை பத்துவில் 2009 முதல் அகழாய்வு செய்துவருவதும் அதன் ஆய்வாளர்களே. தமிழ்க் கல்வியில் நாட்டமுள்ள ஆசிரியர்களுக்குத் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் உண்டு. கோலாலம்பூரிலிருந்து கொமுட்டர் ரயிலிலேயே போகலாம். இசை, நடனம், நாடக ஆய்வுக்கு மலாயாப் பல்கலைக்கழகப் படைப்புக் கலைப் புலத்தையும், தேசியக் கலை, பண்பாடு, மரபுடைமைக் கழகமான அஸ்வாராவையும் பாருங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்குக் கோலாலம்பூர் வட்டாரத்தில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பினாங்கில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் நிர்வாகம், கல்வி, தொழில்நுட்பம் சார்ந்தவை. உங்கள் ஆர்வம் அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று மலேசியத் தகுதி முகமையின் (எம்.கியூ.ஏ.) இணையத்தளத்தில் அதன் பெயரையே தேடிச் சரிபாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது.

தமிழகப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழி படித்தால்?

அறிவுக்காக என்றால் தாராளமாக. பட்டத்தை இங்கே அரசுப் பணிக்கோ முனைவர் சேர்க்கைக்கோ காட்ட வேண்டுமென்றால், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு அங்கீகாரங்களைப் பாருங்கள். நீங்கள் சேரும் ஆண்டில் அந்தத் தொலைநிலைப் படிப்புக்கு இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். மலேசியப் பொதுச் சேவைத் துறையும் அதை ஏற்க வேண்டும். நேரடி வகுப்புக்கு உள்ள அங்கீகாரம் தொலைநிலைக்கும் செல்லும் என்று இடைத்தரகர் சொன்னால் நம்பாதீர்கள்.

மேற்பார்வையாளரை எப்படித் தேடுவது?

ஆய்வு முறையில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர்தான் முக்கியம். துறையின் பக்கத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து, கடைசி ஐந்து ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில் இரண்டையாவது படியுங்கள். அவரிடம் ஏற்கெனவே எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், பணி ஓய்வு எப்போது, ஆய்வு விடுப்பில் போகப் போகிறாரா என்பவற்றைத் தயங்காமல் மரியாதையோடு கேளுங்கள். ஆய்வு நடுவில் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுப் புதியவரிடம் மாற்றப்பட்டு, அவர் அணுகுமுறைக்கேற்ப இரண்டு அத்தியாயங்களைத் திரும்ப எழுதுவது நிறைய பேருக்கு நடக்கிறது. இணை மேற்பார்வையாளரைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கினால் இந்த இடர் குறையும்.

முதல் மின்னஞ்சல் 200 சொற்களைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். இளங்கலை வேதியியல். பினாங்குத் தைப்பூசத்தில் வாசிக்கும் உருமி மேளக் குழுக்களில் இளைஞர்கள் தாளங்களைக் கற்கும் முறையைப் பகுதிநேர முதுகலையில் ஆராய விரும்புகிறேன். தாங்கள் எழுதிய கோயில் இசை பற்றிய கட்டுரையில், குழுக்களுக்குள் பயிற்சி நடக்கும் விதம் தனியே ஆராயத்தக்கது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். என் கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது. இரண்டு குழுக்கள் ஒத்திகையைப் பதிவு செய்யச் சம்மதித்துள்ளன. ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்துள்ளேன். மேற்பார்வை செய்ய இயலுமா, அல்லது வேறொருவரைப் பரிந்துரைப்பீர்களா என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்."

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். ஒரே துறையில் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டாம். அவர்கள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்கள்.

ஆய்வு முன்மொழிவில் என்ன இருக்க வேண்டும்?

சேர்க்கைக்கு ஐந்து முதல் எட்டுப் பக்கம் போதும். பின்னணி ஒரு பக்கம், கேள்விகள் அரைப்பக்கம் (மூன்றுக்கு மேல் வேண்டாம்), முந்தைய ஆய்வுகள் இரண்டு பக்கம், முறையும் சான்றுகளும் இரண்டு பக்கம், மாதவாரிக் கால அட்டவணை, நூற்பட்டியல். முந்தைய ஆய்வுகள் பகுதியில் "இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் அப்படிச் சொன்னார்" என்று அடுக்குவதுதான் பரவலான குறை. அவர்கள் எதில் உடன்படுகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எதைத் தொடவில்லை என்று எழுதுங்கள். சேர்ந்த பிறகு இதையே விரித்துக் குழுவின் முன் வைத்துப் பதில் சொல்ல வேண்டிவரும். அங்கே முறை பற்றிய கேள்விகள்தான் அதிகம் வரும்.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா?

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் இடமுண்டு. மற்றத் துறைகளில் பெரும்பாலும் மலாயோ ஆங்கிலமோதான். இலக்கியம், மொழி, வழக்காறு என்றால் தமிழில் எழுதுங்கள். மூலத்தின் உயிர் கெடாது. சமூகவியல், வரலாறு என்றால் பிற சமூக ஆய்வாளர்களும் படிக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். தமிழில் எழுதினாலும் சுருக்கத்தை வேறு மொழியிலும் தர வேண்டியிருக்கும். அதைக் கடைசி நாளில் மொழிபெயர்ப்புச் செயலியிடம் விட்டு முடிக்காதீர்கள், உங்கள் ஆய்வேட்டில் அதிகம் பேர் படிக்கப்போவது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

சான்றுகளை எங்கே தேடுவது?

பிரிட்டிஷ் காலத் தோட்டங்கள், தொழிலாளர், சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி), கங்காணி வழி ஆள்சேர்க்கும் முறை பற்றியென்றால் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். மாநிலச் செயலகக் கோப்புகளில் புகார் மனுக்களும் தொழிலாளர் துறைக் கடிதங்களும் கலந்து கிடக்கும். வீட்டிலிருந்தே இணையப் பட்டியலில் தேடிக் கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டு போனால் வாசிப்பறையில் நாள் வீணாகாது. தேடும்போது அக்கால எழுத்துக்கூட்டல்களைப் போடுங்கள். தமிழர் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், ஒரே தோட்டத்துக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி 25 ஆண்டு கடந்த ஆவணங்களே பொதுவாகப் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 2010ஐப் பற்றி எழுத வேண்டுமென்றால் வேறு சான்றுதான் தேட வேண்டும்.

இந்தக் கோப்புகளில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. எழுதியவர் அதிகாரி, எழுதப்பட்டவர் கூலி. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிந்ததும், 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்ததும் கோப்புகளில் ஆணைகளாகவே இருக்கும். லயத்து வீட்டில் அது எப்படிப் பேசப்பட்டது என்பதற்குப் பாடல், ஒப்பாரி, கடிதம், நாளிதழ் வேண்டும். தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்தது. தமிழ் முரசு 1935இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்க் காப்பகத்தில் காணலாம். மற்ற இதழ்களுக்குத் தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் எந்தெந்த ஆண்டுகள் இருக்கின்றன, இடையில் எவை விடுபட்டுள்ளன என்று கேள்வியை இறுதியாக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். உங்கள் ஐந்தாண்டுக் காலத்தில் மூன்றாண்டு இதழ்கள் இல்லை என்பது ஆய்வு நடுவில் தெரிந்தால் தலைப்பையே மாற்ற வேண்டிவரும்.

தமிழ் இதழ்களில் சொல் தேடலை மட்டும் நம்பக் கூடாது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, லை, னை போன்றவை வேறு வடிவில் இருப்பதால் எழுத்துணரி தவறவிடும். தேதிவாரியாகப் புரட்டுவதே வழி. மெதுவான வேலைதான். ஆனால் தேடாத செய்திகள் கண்ணில் படுவதும் அப்போதுதான்.

பினாங்கில் ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து மரபுடைமை சார்ந்த ஆவணப்படுத்தல் நிறைய நடந்திருக்கிறது. 1833இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெருக் கடைகள் பற்றி ஆராய நினைப்பவர்கள் களத்துக்குப் போகும் முன் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

தாவரம், பறவை என்றால் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ரிம்பா இல்மு தாவரத் தோட்டம் இருக்கிறது. கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம். இத்துறைகளில் காட்டுக்குள் மாதிரி எடுக்க முன்அனுமதி வேண்டும். அனுமதிக்கான மாதங்களைக் கால அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள்.

பெரியவர்களிடம் பேட்டி எடுக்க வேண்டும். உடனே தொடங்கலாமா?

கூடாது. முதலில் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். மலாயாப் பல்கலைக்கழகத்தில் உம்ரெக், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஜெபெம். ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டிகளை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாமல் போகும். விண்ணப்பத்தோடு கேள்விப் பட்டியல், தகவல் தாள், ஒப்புதல் படிவம் வேண்டும். சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களின் பிள்ளைகளிடமோ தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறியவர்களிடமோ பேசும்போது, அவர்கள் தமிழில் பேசுவார்கள், படிவம் மட்டும் வேறு மொழியில் இருக்கும் என்றால் அந்தச் சம்மதத்துக்குப் பொருளில்லை. தமிழ்ப் படிவத்தை ஆயத்தம் செய்து உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஒலிப்பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடத்தில் அழுத்தப்படாத கோப்பாக எடுங்கள். ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 மெகாபைட் பிடிக்கும். கைப்பேசி போதும், ஆனால் சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்று வாங்கிவிடுங்கள். காற்றாடியை நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். நம் வீடுகளில் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் மேலே சுற்றும் காற்றாடியும் கூடத்தில் ஓடும் தொலைக்காட்சியும்தான். அன்றிரவே மூன்று பிரதிகள் எடுங்கள்: கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே அல்லது மேகச் சேமிப்பில் ஒன்று.

எழுத்தாக்கம்தான் காலத்தைத் தின்னும். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்து ஆறு மணி நேரம் பிடிக்கும், மலாயும் தமிழும் கலந்த பேச்சுக்கு இன்னும் கூடுதல். பதினைந்து பேட்டி என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடுத்த வாரத்திலேயே தட்டச்சு செய்துவிட்டால் முகபாவமும் தயக்கமும் நினைவில் இருக்கும்.

செலவுக்கு என்ன வழி?

பதிவுக் கட்டணம், பருவக் கட்டணம், ஆய்வேட்டுத் தேர்வுக் கட்டணம் என மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஆய்வு நீண்டால் ஒவ்வொரு கூடுதல் பருவத்துக்கும் திரும்பக் கட்ட வேண்டும் என்பதால், எதிர்பார்க்கும் காலத்தோடு இரண்டு பருவம் சேர்த்தே பணத்தைக் கணக்கிடுங்கள்.

நம் மக்களில் பலர் தவறவிடுவது வருமான வரி விலக்கு. சுயகல்விக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிக்கலாம். முதுகலைக்குக் கீழே சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே இது உண்டு. முதுகலைக்கும் முனைவருக்கும் எந்தத் துறையாக இருந்தாலும் பொருந்தும், சங்க இலக்கியமானாலும் சரி. மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற கல்விக்கூடமாக இருக்க வேண்டும். 11 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவர் முழுத் தொகையையும் கழித்தால் 770 ரிங்கிட் மிச்சம், 19 விழுக்காடு என்றால் 1,330. ரசீதுகளை ஏழாண்டு வைத்திருங்கள்.

ஊழியர் சேமநிதியில் கல்விக்கான தொகையைச் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். 2024 மே 11க்குப் பின் மாதச் சந்தாவில் 15 விழுக்காடு அந்தக் கணக்கில் சேர்கிறது. முடிந்தால் தொடாதீர்கள் என்போம், வீட்டுக் கடனுக்கும் மருத்துவத்துக்கும் கைகொடுப்பதும் அதே கணக்குதான். அரசு ஊழியர்களுக்குக் கூட்டரசு பயிற்சி உதவித்தொகை உண்டு. ஆனால் அது பணியோடு தொடர்புள்ள துறையைக் கேட்கும், பின்னர் சேவை ஒப்பந்தமும் இருக்கும். மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியில் உதவியாளராகச் சேரும் வாய்ப்பையும் விசாரியுங்கள், முழுநேர மாணவர்களுக்கு அது பெரிய துணை.

வேலையும் குடும்பமும் இருக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

பாடநெறி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். ஆக 1,600 மணி நேரம். இரண்டு ஆண்டில் முடிக்க வாரம் ஏறத்தாழ 15 மணி நேரம், மூன்று ஆண்டில் முடிக்க 10 மணி நேரம். ஆய்வு முறைக்கும் இதைவிடக் குறைவாக எண்ண வேண்டாம். இரவு பத்து மணிக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் ஓரிரு மாதத்தில் களைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தை நூற்பட்டியல் சரிபார்ப்பு, தட்டச்சு போன்ற இலகுவான வேலைக்கு வைத்துக்கொண்டு, சிந்தித்து எழுத வாரத்தில் ஒரு முழுக் காலைப் பொழுதை வீட்டாரிடம் பேசி ஒதுக்கிக்கொள்ளுங்கள். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை வாரங்களை அட்டவணையில் முன்பே வெறுமையாக விடுங்கள்.

கணினியில் தமிழ் தொடர்பாக எவை சிக்கல் தரும்?

பழைய எழுத்துருக்களில் சேமித்த கோப்புகள்தான் முதல் சிக்கல். கோப்பைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பொருளற்ற எழுத்துகள் தெரிந்தால் அது யுனிகோடு அல்ல. மாற்றி மூலம் மாற்றி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும். வேர்டில் எழுத்தளவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறவில்லையென்றால், பாணி அமைப்பில் கூட்டெழுத்து மொழிகளுக்கான எழுத்துருவும் அளவும் தனியே இருப்பதுதான் காரணம். அங்கே ஒருமுறை சரிசெய்தால் முழு ஏட்டுக்கும் போதும்.

மேற்கோள் மேலாண்மைக்குச் சொட்டேரோ இலவசம். அது பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதால், தந்தை பெயரை ஆசிரியர் பெயராக்கிவிடும். பெயர்ப் புலத்தை ஒற்றைப் புலமாக மாற்றி வைத்தால் எழுதியபடியே வரும். முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள், 300 நூல்கள் சேர்ந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

படிக்கப் போய், இருந்த ஆசையும் போய்விடுமா?

சிறிது காலத்துக்குப் போகும். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. ரசித்துக் கேட்ட பாடலை நாற்பது முறை நிறுத்தி நிறுத்தித் தாளம் குறிக்கும்போது பாட்டு செத்துவிட்டதுபோல் இருக்கும். நீங்கள் பெருமையாக நம்பிய ஒரு வரலாற்றுச் செய்திக்கு ஆதாரமே இல்லை என்று தெரியவரும்போது இன்னும் வலிக்கும். பகுதிநேர மாணவர்கள் பலர் கைவிட நினைப்பது இரண்டாம் ஆண்டின் நடுவில். சேகரிப்பு முடிந்து, எழுத்து தொடங்காமல் நிற்கும் கட்டம் அது. அப்போது புதிதாக இன்னொரு பேட்டி, இன்னொரு கோப்பு என்று ஓடாதீர்கள். அது வேலைபோல் தோன்றும் ஒளிவிடம். கையில் இருப்பதை வைத்து ஒரு துணைத்தலைப்பு, ஐந்து பக்கம், எவ்வளவு மோசமாக வந்தாலும் எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள்.

ஆய்வுக்கு எடுக்காத ஒரு பகுதியை உங்களுக்கென்று வைத்துக்கொள்வதும் உதவும். நாட்டார் பாடலை ஆராய்பவர் சனிக்கிழமை பஜனைக் குழுவை விட வேண்டியதில்லை.

நடுவில் நின்றுபோனால்?

பருவ ஒத்திவைப்புக்கு எழுதிக் கேளுங்கள். நோய், பேறுகாலம், பெற்றோர் பராமரிப்பு எல்லாம் ஏற்கத்தக்க காரணங்கள். சொல்லாமல் பதிவைப் புதுப்பிக்காமல் விடுவதுதான் கெடுதல். மாணவர் தகுதி ரத்தானால் மீண்டும் சேர்வது முதலிலிருந்து தொடங்குவதற்குச் சமம்.

இதற்கு வயது வரம்பு உண்டா?

சேர்க்கைக்கு மேல்வரம்பு இல்லை. உதவித்தொகைகளுக்கு உண்டு.

ஆய்வு முடிந்ததும் சேகரித்த பதிவுகளை என்ன செய்வது?

பேட்டி தந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் பதிவின் பிரதியை ஒரு யுஎஸ்பி விரலியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களுக்கு ஆய்வேட்டைவிட அது மதிப்புள்ளது. மூலப் பதிவுகளையும் எழுத்தாக்கத்தையும் பல்கலைக்கழக நூலகத்திலோ காப்பகத்திலோ சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். தோட்டப்புற வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் குறைந்துவரும் காலத்தில் உங்கள் பதிவு இன்னொருவரின் ஆய்வுக்கு ஒரே சான்றாக அமையலாம். இதற்கு ஒப்புதல் படிவத்திலேயே தனி வரி வேண்டும்: "இப்பதிவைப் பிற ஆய்வாளர்கள் கேட்பதற்காக நூலகத்தில் வைக்கச் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை." அந்த வரி இல்லாத படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், நூலகம் பதிவை ஏற்காது. ஒவ்வொருவரிடமும் திரும்பப் போய்ப் புதிய கையெழுத்து வாங்க வேண்டும்.